கணக்கில் பிறந்த பிள்ளைகள்

மனிதர்களில் எண்ணிப் பார்க்கிறவர்கள் உண்டு. எண்ணாமலே காலம் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. இவர்களுக்கு நடுவே மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. தோராயக்காரர் என்று பெயர். பேருந்தில் ஏறி நின்றதும் ‘அறுபத்திரண்டு பேர் இருக்கும்’ என்பார். கல்யாணப் பந்தலைச் சாலையிலிருந்தே பார்த்து ‘நானூற்றெண்பது இலை விழும்’ என்பார். விழுந்தது முந்நூறுதான் என்று நீங்கள் சொன்னால், வராமல்போன நூற்றெண்பது பேரின் பொறுப்பின்மையை நினைத்து வருந்துவார். தன் கணக்கு பிசகியிருக்கும் என்று மட்டும் அவருக்குத் தோன்றாது. தோன்றிவிட்டால் அவர் அந்த இனமே இல்லை.

இந்த இனத்தில் உட்பிரிவுகள் பல. மழையைச் சொல்கிறவர், தேர்தல் ஓட்டுக் கணக்கைச் சொல்கிறவர், எதிர்வீட்டுக்காரரின் சர்க்கரை அளவைச் சொல்கிறவர். எல்லாரிலும் அபூர்வமானவர், அடுத்தவர் வீட்டில் எத்தனை பிள்ளை பிறக்கும் என்று சொல்கிறவர். அவரைப் பார்க்க வேண்டுமானால் கேரளத்துச் சின்னக்கானலிலிருந்து ஜீப் பிடித்து, தேயிலைக்கு நடுவே எட்டு கிலோமீட்டர் குலுங்கி, எஸ்டேட்டின் ஒரு பிரிவான நெட்டமரம் டிவிஷனில் இறங்க வேண்டும். அங்கே நான்காம் வகுப்பு வரை உள்ள தமிழ் மீடியம் பள்ளியின் தலைமையாசிரியர் நல்லதம்பி. வயது ஐம்பத்தைந்து. இது தோராயம் இல்லை; ஓய்வுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று அவருக்கே தெரியும்.

நல்லதம்பி பிறவித் தோராயக்காரர் அல்லர். 2011 வரை சாதாரண மனிதராகத்தான் இருந்தார். அந்த வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலைக்காக அவரைத் தொடுபுழாவுக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இரண்டாம் நாள், மீன்கறியோடு மதியச் சாப்பாடு முடிந்து, மண்டபமே தூங்கிக்கொண்டிருந்த வேளையில், பயிற்சியாளர் போகிறபோக்கில் ஒன்று சொன்னார். பிறப்புப் பதிவு சரியில்லாத ஊர் என்றாலும் கவலையில்லை. கணக்கெடுப்பில் வரும் சின்னப் பிள்ளைகளையும் பேறு வயதுப் பெண்களையும் வைத்துக்கொண்டே அந்த ஊரின் பிறப்பு விகிதத்தை மதிப்பிட்டுவிடலாம் என்றார். விழித்திருந்தவர் நல்லதம்பி ஒருவர்தான். அதை நோட்டில் எழுதிக்கொண்டார். ‘ஊரைவிட்டுப் போனவர்களையும் புதிதாய் வந்தவர்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று பயிற்சியாளர் அடுத்த வாக்கியத்தைச் சொன்னபோது, நல்லதம்பி முதல் வாக்கியத்துக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மலையேறித் திரும்பியவர் வேறு ஆள்.

கணக்கெடுப்பு முடிந்ததும் படிவங்களை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டார். டிவிஷனின் பெயர்களையும் வயதுகளையும் மட்டும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தனக்கென்று வைத்துக்கொண்டார். பதினைந்து வருடமாக அந்த நோட்டுக்கு அட்டை மாறியிருக்கிறது, எண்கள் மாறவில்லை. எஸ்டேட்டில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் ஐம்பது என்பார்கள், இல்லையென்றால் அறுபது என்பார்கள். இப்படி உருண்டையாக வயது சொன்னால் கணக்கு நிற்காது என்பதால், நல்லதம்பி ஆட்களை எடுத்து அக்கம்பக்கத்து வயதுகளில் பரப்பி வைத்திருந்தார். வாட்ச்மேன் பெரியமுத்துவுக்கு இது தெரிந்தபோது குழம்பிப்போனார்.

“ஏன் சார், அறுபதுன்னுதான சொன்னேன். நீங்க அம்பத்தேழுன்னுல்ல எழுதி வச்சிருக்கீக?”

“அறுபதுல கூட்டம் ஜாஸ்தி பெரியமுத்து. அம்பத்தேழு காலியாக் கெடந்துச்சு.”

பெரியமுத்து மூன்று வயது குறைந்த மகிழ்ச்சியோடு போனார். எல்லாரும் அப்படிப் போகவில்லை. டீக்கடை சூசையப்பனுக்கும் மனைவி கத்தரீனாளுக்கும் போன வருடம் மூன்றாவது குழந்தை பிறந்தது. பெண். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய். நல்லதம்பியும் ஒன்றை எடுத்தார். காகிதத்தைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“கத்தரீனாளுக்கு என்ன வயசு?”

“நாப்பத்தொன்னு சார்.”

“அப்ப இது வந்திருக்கக் கூடாதே.”

சூசையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன சார் சொல்லுதீக?”

“அந்த வயசுப் பிரிவுக்கு ஆயிரத்துக்கு நாலு புள்ளதான்யா. நம்ம டிவிஷன்ல அந்த வயசுல இருக்கறதே இருபது பொம்பளைக. பத்துல ஒரு பங்கு புள்ளகூட வராது.”

பாய்லருக்குப் பின்னாலிருந்து, மடியில் குழந்தையோடு கத்தரீனாள் கேட்டாள்: “அப்ப மிச்சம் ஒம்பது பங்க நான் திருப்பி அனுப்பணுமாக்கும்?”

கடை சிரித்தது. நல்லதம்பி சிரிக்கவில்லை. மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, நோட்டில் ‘விதிவிலக்கு: 1’ என்று குறித்துக்கொண்டு நடந்தார். பாவம், குழந்தை. பிறந்த பத்தாம் நாளே விதிவிலக்காகிவிட்டது.

இதுவரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. ஏப்ரல் மாதம் பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளன்று மேலிடத்திலிருந்து வந்து தலை எண்ணுவார்கள். இருபதுக்குக் குறைந்தால் பள்ளியைக் கீழேயுள்ள பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். சேர்ப்பது என்பது அரசாங்க வார்த்தை. ஊர் வார்த்தையில் சொன்னால், ஐந்து வயதுப் பிள்ளை காலை ஏழு மணி மூடுபனியில் ஜீப்புக்குக் காத்து நிற்கும். வழியில் யானை நின்றால் ஜீப் வராது. யானை நிற்காத வாரம் நெட்டமரத்தில் கிடையாது.

நான்காம் வகுப்பை முடித்துப் போனவர்களைக் கழித்தால் பள்ளியில் மிஞ்சியது ஒன்பது பேர். பள்ளியின் இன்னோர் ஆசிரியையான வினோ, சித்திரபுரத்திலிருந்து தினமும் இரண்டு வண்டி மாறி வருகிறவள். கடிதத்தைப் படித்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“சார், ஒம்பதுதான் சார் இருக்கு.”

“ஒம்பது நமக்குத் தெரிஞ்சது டீச்சர். தெரியாதது இருபத்திரண்டு.”

நோட்டைப் பிரித்தார். 2011இல் டிவிஷனில் இத்தனை சிறுமிகள். அவர்கள் எல்லாரும் இன்று இருபதுகளில் இருக்கும் தாய்மார்கள். விகிதத்தால் பெருக்கினால், ஐந்திலிருந்து ஒன்பது வயதுக்குள் இப்போது முப்பத்தொரு பிள்ளைகள் இருந்தே தீர வேண்டும். இருக்கிறார்கள். எங்கே என்பதுதான் கேள்வி. வினோ டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முப்பத்தொன்றைப் பார்த்தாள். அழகாக, இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தது. யாருக்கும் நம்பத்தான் தோன்றும். மேலிடத்துக்கு எழுதிய பதில் கடிதத்திலும் நல்லதம்பி அதே எண்ணைப் போட்டார்.

மே மாதம் முழுக்க நல்லதம்பி குடையும் கையுமாக, கக்கத்தில் நோட்டோடு, லயம் லயமாக ஏறி இறங்கினார். வரிசையாக ஒட்டிக்கட்டிய அந்தத் தொழிலாளர் வீடுகளில் முதல் வரிசையிலேயே மூன்று கதவு பூட்டிக் கிடந்தது. “அவுக திருப்பூருக்குப் போயி ஆறு வருசமாச்சே சார்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. ‘தற்காலிகமாக வெளியூர்’ என்று எழுதினார். அடுத்த வீட்டுப் பெண்ணைத் தேனியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அதற்கடுத்த வீட்டில் ஏழு வயதில் உண்மையாகவே ஒரு பிள்ளை இருந்தது. கழுத்தில் டை கட்டிக்கொண்டு இங்கிலீஷ் மீடியம் வேனில் மூணாறுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. கடைசி வீட்டில் ஒரு கிழவர், “ஒரு பேரன் இருக்கான் சார், எர்ணாகுளத்துல” என்று ஆசையாகச் சொன்னார். வயது என்ன என்று கேட்டால் இருபத்தாறு. நல்லதம்பி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, எழுத வேண்டாம் என்று முடிவு செய்தார். அந்த அளவுக்கு அவர் நேர்மையானவர்.

மேல் லயத்துக்கு அவர் ஐந்து முறை போனார். போன ஒவ்வொரு முறையும் முற்றத்தில் ஒரு கும்பல் பிள்ளைகள் பந்து ஆடிக்கொண்டிருந்தன. ஒரு நாள் பந்து அவர் நோட்டிலேயே வந்து அடித்தது. எடுத்துக் கொடுத்து, “பாத்து ஆடுங்கடா, ஆள் வர்ற பாதை” என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளைத் தேடிக்கொண்டு மேலே போனார்.

மே கடைசியில், நோட்டில் தாய்மார்களாகப் போட்டிருந்த பெண்களை ஒவ்வொருவராகச் சரிபார்க்கத் தொடங்கினார். அந்தப் பட்டியலில் பதினேழாவது பெயர் மாரீஸ்வரி. 2011இல் பதினான்கு வயது, இப்போது இருபத்தொன்பது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. கல்யாணமாகி நான்கு வருடம். அவருடைய ஒரே மகள்.

போன் போட்டார்.

“சாப்ட்டியாம்மா?”

“ஆச்சுப்பா. என்ன இந்த நேரத்துல?”

“ஒன்னுமில்ல. ஒன் பேருக்கு நேரா ஒன்னு போட்டிருக்கேன். அத உறுதி பண்ணணும்.”

“என்ன ஒன்னு?”

“ஒரு புள்ள. கல்யாணமாகி மறுவருசம். இப்ப மூணு வயசு. இந்த வருசத்துக்கு வராது, ஆனா ரெண்டு வருசத்துல பள்ளிக்கூடத்துக்கு...”

தையல் மிஷின்களின் இரைச்சலை மீறி அவள் குரல் வந்தது.

“என்னையும் கணக்குல சேத்திருக்கீகளாப்பா?”

“நீ தனி ஆள் இல்ல கண்ணு. நீ ஒரு வயசுப் பிரிவு.”

போன் வைக்கப்பட்டது. வைக்கப்பட்ட விதத்தில், அது சிக்னல் போனதல்ல என்பது நல்லதம்பிக்கே புரிந்தது.

மனைவி மாரித்தாய் அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த நான்கு வருடத்தில் மகள் எத்தனை டாக்டரைப் பார்த்தாள், ஒவ்வொரு முறையும் வெளியே வந்து அம்மாவுக்குப் போன் பண்ணி என்ன சொல்லி அழுதாள் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் கேட்டதில்லை, போட்டுக்கொண்டார். அன்று அவர் முன்னால் சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு வரவில்லை.

நல்லதம்பி நோட்டைத் திறந்து பதினேழாவது வரியைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெளியில் சொல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. அந்தக் காகிதத்துப் பிள்ளையைப் பெண் என்று அவர் பிரித்து வைத்திருந்தார். மூன்று வயதுப் பேத்தி. பல நாட்கள் பள்ளி முடிந்து தனியே உட்கார்ந்திருக்கும்போது அந்த வரியைத் தொட்டுப் பார்த்ததும் உண்டு. இப்போது ரப்பரை எடுத்தார். தேய்த்தார். முப்பத்தொன்று அப்படியே இருந்தது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதில் சேர்த்தி இல்லை. ஆனாலும் ஏதோ பெரிதாகக் குறைந்துவிட்ட மாதிரி, மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தார்.

பேச்சில்லாமல் ஒரு வாரம் போயிற்று. ஜூன் பிறந்து, பள்ளி திறந்து, மழையும் பிடித்துக்கொண்டது. ஐந்தாவது வேலை நாள் காலை. மாரித்தாய் எஸ்டேட் கிரெச்சில் ஆயா; கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார்கள் விட்டுப் போகும் சின்னஞ்சிறுசுகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. நல்லதம்பிக்கு வாத்தியார் வேலை கிடைப்பதற்கு முன்பிருந்தே அவளுக்கு அந்த வேலை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

“மேல் லயத்துல பள்ளிக்கூட வயசுல பதினாலு புள்ளைக இருக்கு.”

நல்லதம்பி காபி டம்ளரைக் கீழே வைத்தார். “எங்க?”

“எங்கயா? ஒரு மாசமா அதுக நடுவுலதான நடந்துக்கிட்டு இருந்தீக. பந்துகூட எடுத்துக் குடுத்தீகளாம்.”

“அது ஜார்க்கண்ட் புள்ளைக மாரித்தாய். ஒன்றர வருசமா வந்து இருக்காக. அது என் கணக்குல வராது.”

“ஒங்க கணக்குல வராதுன்னா அதுகளுக்கு அஞ்சு வயசு ஆவாதா?”

“இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“கேட்டீகளா?”

நல்லதம்பி காபியைக் குடிக்காமலே எழுந்தார்.

பள்ளிக்குப் போகாமல் நேராக மேல் லயத்துக்குப் போனார். நோட்டை எடுக்க மறந்துவிட்டார் என்று வினோ டீச்சர் பிற்பாடு சொன்னாள். எடுக்காமல் போனார் என்று மாரித்தாய் சொன்னாள். வரிசையின் முதல் வீட்டில் பூல்மணி என்ற பெண் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கைப்பிள்ளையை மாரித்தாயிடம் விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போகிறவள். மற்ற வீட்டுப் பெண்களும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் எதையும் செய்வார்கள் என்று மாரித்தாய் சொல்லியிருந்தாள்.

“பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம்ல?” என்றார் நல்லதம்பி.

“நாங்க ரெண்டு வருசம் இருப்போம், போவோம் சார். தமிழ் படிச்சு என்ன பண்ணும்?” என்றாள் பூல்மணி, ஒன்றரை வருடத்தில் கற்ற தமிழில்.

 இதற்கு நல்ல பதில் இருந்தால் பதினைந்து வருடத்தில் இங்கிலீஷ் மீடியம் வேன் இந்த மலைக்கு ஏறியிருக்காது. “யானை வர்ற ஊரு. நீங்க கொழுந்துக்குப் போனா இதுக தனியா ஆடிக்கிட்டுக் கெடக்கும். பள்ளிக்கூடத்துல சோறு உண்டு, கதவு உண்டு, நானும் டீச்சரும் இருப்போம்” என்று மட்டும் சொன்னார். பூல்மணி யோசித்தாள். அவர் சும்மா நிற்க முடியாமல் கேட்டார்:

“ஒனக்கு எத்தன புள்ளம்மா?”

கேட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக, பதிலைத் தானே போட்டுக்கொள்ளாமல் நின்றார்.

“அஞ்சு பெத்தேன் சார். மூணு இருக்கு.”

அவள் அதைச் சொன்னபோது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். பிறந்தவை இத்தனை, இருப்பவை இத்தனை. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் கணக்கெடுப்புப் படிவத்திலேயே உண்டு. அந்த இரண்டு கட்டத்தையும் ஒரே மூச்சில் நிரப்பிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்த மனிதர்தான் நல்லதம்பி. ஆனால் இன்று அவர் கையில் பேனா இல்லை.  “பேரு என்ன?” என்றார். “எந்தப் புள்ள?” என்றாள். “அஞ்சும்” என்றார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஐந்து பெயரையும் சொன்னாள்.

மறுநாள், ஆறாவது வேலை நாள், ஜோபி என்ற மலையாள அதிகாரி மழைக்கோட்டோடு வந்து இறங்கியபோது, பள்ளி வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பூல்மணி தன் பிள்ளைகளில் பள்ளி வயதில் இருந்த இரண்டையும் கையில் பிடித்து முன்னால் வர, மற்ற பன்னிரண்டும் அவள் பின்னால் வந்திருந்தன. சட்டையை மாற்றிப் போட்டிருந்த ஒன்று, தலைக்கு எண்ணெய் வழிய வழியத் தேய்த்திருந்த நான்கு, பந்தைக் கீழே வைக்க மறுத்த ஒன்று. வினோ டீச்சர் எல்லாருக்கும் பெயர் எழுதிச் சட்டையில் குத்தியிருந்தாள். ஜோபி இரண்டு முறை எண்ணினார். இருபத்துமூன்று.

“சாரே, இவ்ளோ குட்டிக எங்கயிருந்து வந்தது? ஆனா சார் அனுப்பின கடிதத்துல முப்பத்தொண்ணுன்னு எழுதியிருந்ததே?”

இந்த இடத்தில் வேறு எந்த மனிதனும் என்ன சொல்லியிருப்பான்? ‘என் மனைவி கண்டுபிடித்தாள்’ என்றிருப்பான். ‘நான் தேடியது வேறு, கிடைத்தது வேறு’ என்றிருப்பான். ஜன்னலுக்கு வெளியே மாரித்தாய் குடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நல்லதம்பி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“முப்பத்தொன்னுக்கு இருபத்துமூணு. மலைப்பகுதிக்கு இது ரொம்ப நெருக்கமான மதிப்பீடு சார்.”

மாரித்தாய் சிரித்த சிரிப்பில் குடை ஆடியது. அவளுடைய மௌன விரதம் அதோடு முடிந்தது. ஜோபி கையெழுத்துப் போட்டுவிட்டு, யானை வருவதற்குள் இறங்கிப்போனார். பள்ளிக்கு இன்னொரு வருடம் ஆயுள்.

அன்று சாயங்காலம் நல்லதம்பி திருப்பூருக்குப் போன் போட்டார். மூன்றாவது முறைதான் எடுத்தாள்.

“ஒன்னக் கணக்குலருந்து எடுத்துட்டேன்மா.”

அவரே தொடர்ந்தார்:

“நான் கேட்டிருக்கணும். கேக்கல. எனக்கு எண்ணத் தெரிஞ்ச அளவுக்குக் கேக்கத் தெரியல.”

மாரீஸ்வரி சொன்னாள்: “ஓணத்துக்கு லீவு போடுறோம்பா. வாறோம். ரெண்டு பேர் வாறோம். ரெண்டுன்னே எழுதிக்கோங்க.”

ரெண்டு என்றே எழுதிக்கொண்டார். பக்கத்தில் வேறு எதுவும் எழுதவில்லை.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த திங்கட்கிழமை சூசையப்பன் கடையில், புதிய நோட்டோடு, ஜார்க்கண்ட் பெண்களுக்குத் தனி விகிதம் போட்டு, 2031இல் நெட்டமரத்தில் நாற்பத்தேழு பிள்ளைகள் படிப்பார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். இனம் அவ்வளவு சுலபத்தில் மாறாது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நோட்டு, விகிதம், ஆயிரத்துக்கு நாலு — இப்படி யாராவது இருப்பார்களா என்று பக்கத்திலிருப்பவரிடம் காட்டியும் இருப்பீர்கள். நல்லது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் உங்களுக்குப் பக்கத்து இலையில் ஒரு பெண் உட்கார்ந்தாள். அவளுக்குக் கல்யாணமானது போன வைகாசி, இல்லை, அதற்கு முந்தின வைகாசி என்று நீங்கள் மனதுக்குள் விரல் மடக்கினீர்கள். அவள் வயிற்றை ஒரு பார்வை பார்த்தீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, மிகுந்த அன்போடு, “ஏதும் விசேஷம் உண்டாம்மா?” என்று கேட்டீர்கள். பாயசம் வருவதற்கு முன்பே அவள் இலையை மடித்துவிட்டு எழுந்துபோனாளே, அதை எந்தக் கட்டத்தில் குறித்துக்கொண்டீர்கள்?